40 விழுக்காடு: எதில் குறையும்?

மாணவர்களே, இந்த வாரப் பாடத்தை ஒரு பழைய செய்தியிலிருந்து தொடங்குவோம். உங்களில் சிலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள்.

2009 டிசம்பரில், டென்மார்க் தலைநகர் கோப்பன்ஹேகனில் ஐக்கிய நாடுகளின் பருவநிலை மாநாடு நடந்தது. 190க்கும் மேற்பட்ட நாடுகள் கலந்துகொண்டன. டிசம்பர் 17ஆம் தேதி, அன்றைய மலேசியப் பிரதமர் நஜிப் துன் ரசாக் அங்கு உரையாற்றி, நம் நாட்டின் சார்பில் ஓர் உறுதிமொழி தந்தார். மறுநாள் செய்திகளில் அது ஓர் எண்ணாக வந்து சேர்ந்தது: 40 விழுக்காடு. கரியமிலவாயு வெளியேற்றத்தை 2020க்குள் மலேசியா 40 விழுக்காடு குறைக்கும் என்ற பொருளில்தான் பல தலைப்புகள் இருந்தன.

அன்று காலை நான் ஈப்போ புந்தோங்கில் ஒரு தேநீர்க் கடையில் இருந்தேன். தலைப்பை மட்டும் படித்துவிட்டு அப்படியே நம்பினேன். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒருவர், "அப்படின்னா பத்து லோரியில நாலு லோரியை நிறுத்தணும்" என்றார். இன்னொருவர், "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிரித்தார். மூன்றாமவர், "செஞ்சா நல்லதுதானே" என்றார். பிறகு பேச்சு காற்பந்துக்குப் போய்விட்டது.

மூன்று பேரும் மூன்று கருத்துச் சொன்னார்கள். ஆனால் பிரதமர் சொல்லாத ஒன்றைப் பற்றித்தான் மூன்று பேரும் பேசினார்கள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உரையில் உண்மையில் இருந்தது இதுதான்: மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வோர் அலகுக்கும் வெளியேறும் பசுமை இல்ல வாயுவின் அளவை, 2005ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு, 2020க்குள் 40 விழுக்காடு வரை குறைப்போம், வளர்ந்த நாடுகள் தொழில்நுட்பமும் நிதியும் தந்து உதவ வேண்டும் என்பது நிபந்தனை. 'ஒவ்வோர் அலகுக்கும்' என்ற பகுதியும் நிபந்தனையும் பல தலைப்புகளில் இடம்பெறவில்லை.

அந்த ஒரு சொற்றொடர் போனால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு புகைக்கூடத்துக் கணக்கு

உங்கள் தாத்தா பாட்டி சுங்கை சிப்புட்டிலோ செம்மோரிலோ கோலகங்சார் பக்கத்திலோ ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்களாக இருந்தால், புகைக்கூடத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பால்மரத்துப் பாலை அமிலம் சேர்த்து உறைய வைத்து, உருளைகளில் கொடுத்து மெல்லிய ஷீட்டுகளாக இழுத்து, மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகையில் காய வைப்பார்கள். ஷீட்டு பழுப்பு நிறமாகும், பூஞ்சணம் பிடிக்காது. அந்த வாசனை உடுப்பில் ஏறினால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

கற்பனையாக ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் அங்கே 100 டன் ஷீட்டு காய வைக்க 100 வண்டி விறகு எரிந்தது. ஒரு டன்னுக்கு 1 வண்டி. பிறகு நிர்வாகம் அடுப்பைத் திருத்திக் கட்டுகிறது. வெப்பம் வீணாகாமல் பார்த்துக்கொள்கிறது. இப்போது ஒரு டன்னுக்கு 0.6 வண்டி விறகு போதும். அதாவது 40 விழுக்காடு குறைவு. கிராணி கணக்குப் புத்தகத்தில் பெருமையாக எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் அதே காலத்தில் தோட்டத்தின் உற்பத்தி 200 டன்னாகக் கூடியிருக்கிறது என்று வையுங்கள். 200ஐ 0.6ஆல் பெருக்குங்கள். 120 வண்டி விறகு. முன்பைவிட 20 வண்டி அதிகம். புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே லயத்தில் குடியிருப்பவருக்குப் புகை கூடியிருக்கிறது. கிராணிக்கோ 40 விழுக்காடு குறைந்திருக்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை.

ஓர் அலகு உற்பத்திக்கு எவ்வளவு என்று கணக்கிடும் இந்த முறைக்கு 'உமிழ்வுச் செறிவு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். நாட்டுக்குக் கணக்கிடும்போது டன் ஷீட்டுக்குப் பதில் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ரிங்கிட். விறகுக்குப் பதில் கரியமிலவாயுவும் மீத்தேனும் மற்ற பசுமை இல்ல வாயுக்களும். ஆண்டுக்கு 5 விழுக்காடு வளரும் பொருளாதாரம் 15 ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். கால்குலேட்டரில் 1.05ஐ 15 முறை பெருக்கிப் பாருங்கள், 2.08 வரும். அப்படியானால் செறிவு 40 விழுக்காடு குறைந்தாலும் மொத்த வாயு குறையாது, கூடும். எந்த அளவுக்குள் வளர்ந்தால் மொத்தம் கூடாமல் இருக்கும் என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம்: 100ஐ 0.6ஆல் வகுத்தால் போதும்.

இதை ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே மாநாட்டுக்கு முன்பு சீனா 2005ஐ விட 40 முதல் 45 விழுக்காடும், இந்தியா 20 முதல் 25 விழுக்காடும் குறைப்பதாக அறிவித்தன. அவையும் செறிவுக் கணக்குதான். இன்னும் சாலையும் மின்சாரமும் மருத்துவமனையும் கட்டி முடிக்காத நாடுகள், மொத்த உமிழ்வுக்கு இப்போதே உச்சவரம்பு வைக்க மாட்டோம், ஆனால் சிக்கனமாக வளர்வோம் என்று சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது. அதில் நியாயம் உண்டு. என் குறை வேறு: அந்த நியாயத்தையும் அதன் விலையையும் தேநீர்க் கடையில் எடைபோட யாருக்கும் வாய்ப்பு வரவில்லை.

நம் பேராக்கிலேயே பாருங்கள். மஞ்சோங் கடற்கரையில், சித்தியவானுக்கும் லூமுட்டுக்கும் அருகே, சுல்தான் அஸ்லான் ஷா மின் நிலையம் இருக்கிறது. கப்பலில் வரும் நிலக்கரியை எரிக்கும் நிலையம். முதலில் தலா 700 மெகாவாட்டில் மூன்று அலகுகள். 2015இல் சுமார் 1,000 மெகாவாட்டில் நான்காவது அலகும், 2017இல் அதே அளவில் ஐந்தாவது அலகும் இயங்கத் தொடங்கின. கோப்பன்ஹேகன் உறுதிமொழிக்குப் பிறகுதான் இவை இரண்டும். புதிய அலகுகள் மிக உயர்ந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் நீராவியை உண்டாக்குபவை. அதனால் அதே அளவு மின்சாரத்துக்குப் பழையவற்றைவிடக் குறைந்த நிலக்கரி போதும். செறிவுக் கணக்கில் இது முன்னேற்றம். வானத்துக்குப் போகும் மொத்தக் கரியமிலவாயுவின் கணக்கில் இது கூடுதல்.

தலைப்பை மட்டும் நினைவில் வைத்திருந்தவர், "40 விழுக்காடு குறைப்போம் என்று சொல்லிவிட்டு நிலக்கரி நிலையம் கட்டுகிறார்களே" என்று கோபப்படுவார். அல்லது அறிவிப்பே வெறும் பேச்சு என்று விட்டுவிடுவார். இந்த இரண்டுக்கும் அப்பால் ஒரு நல்ல கேள்வி இருந்தது. நம் மொத்த உமிழ்வு எந்த ஆண்டு வரை ஏறலாம், எவ்வளவு ஏறலாம், அந்த மின்சாரத்துக்கு வேறு வழி இருந்ததா, அதற்கு யார் பணம் தருவது? இந்தக் கேள்வியை எழுப்பத் தேவையான சொல்தான் தலைப்பிலிருந்து விழுந்துவிட்டது.

பிறகு 2015இலும் 2021இலும் வந்த எண்களும் இதே வகைதான். 2015இல் பாரிஸ் மாநாட்டுக்கு முன் மலேசியா 2030க்குள் 45 விழுக்காடு என்றது. அதில் 35 விழுக்காடு நிபந்தனையின்றி, 10 விழுக்காடு வெளி உதவி கிடைத்தால். 2021இல் 45 விழுக்காட்டையும் நிபந்தனையின்றி ஏற்றது. எல்லாம் 2005ஐ அடிப்படையாகக் கொண்ட செறிவு. 35, 40, 45 என்று எண்களை மட்டும் அடுக்கிப் படித்தால், நிபந்தனை நீங்கியதுதான் 2021இன் பெரிய செய்தி என்பது கண்ணில் படாது.

மண்டபத்திலிருந்து ஈப்போவுக்கு

ஒரு சொல் எப்படி விழுகிறது? யாரோ வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று உடனே நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அவசரமும் இடமின்மையும்தான் காரணம்.

பருவநிலைப் பேச்சுவார்த்தையில் நாடுகள் பேசுவது ஒரு வரைவு ஆவணத்தின் மேல். ஒப்புக்கொள்ளாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். ஒரே வாக்கியத்தில் ஐந்தாறு அடைப்புக்குறிகள் இருக்கலாம். இரண்டு வாரம் நடப்பது பெரும்பாலும் இந்த அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாக நீக்கும் வேலைதான். பல அறைகள் மூடியிருக்கும். செய்தியாளர் வெளியே வராந்தாவில் நிற்பார். வெளியே வருபவர் தமக்குச் சாதகமானதைச் சொல்வார். செய்தி நிறுவனத்தின் நிருபர் அதைச் சுருக்கி அனுப்புவார். கோலாலம்பூரில் ஒருவர் அதை இன்னும் சுருக்குவார். அது ஆங்கிலத்திலிருந்தோ மலாயிலிருந்தோ தமிழுக்கு வரும். 'செறிவு' போன்ற சொல்லுக்கு எல்லோருக்கும் பழகிய தமிழ்ச் சொல் இல்லாதபோது, நள்ளிரவில் பக்கம் முடிக்கிற ஆசிரியர் என்ன செய்வார்? 'குறைக்கும்' என்று போட்டு முடித்துவிடுவார்.

நேரக் கணக்கும் உண்டு. டிசம்பரில் கோப்பன்ஹேகன் நம்மைவிட 7 மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே நள்ளிரவில் முக்கியமான சண்டை நடக்கும்போது இங்கே காலை 7 மணி; நாளிதழ் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. 2009 மாநாடு 18ஆம் தேதி முடிய வேண்டியது. இரவு முழுக்க இழுத்து 19ஆம் தேதிதான் முடிந்தது.

கோப்பன்ஹேகன் செய்திகளை ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு மையத்துக்காக ஜேம்ஸ் பெயிண்டர் ஆராய்ந்தார். 12 நாடுகளின் நாளிதழ்களில் 400க்கும் மேற்பட்ட கட்டுரைகள். அவற்றில் முக்கியமாக அறிவியலைப் பற்றியவை 10 விழுக்காட்டுக்கும் குறைவு. மற்றவற்றில் நிறைந்திருந்தது மாநாட்டின் நாடகம்: யார் வெளிநடப்புச் செய்தார், யார் யாரைக் குறை சொன்னார். இதில் வியப்பில்லை. காற்பந்து ஆட்டத்தைப் போலச் சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

செய்தித்தாள் நம் கருத்தை மாற்றுகிறதோ இல்லையோ, எதைப் பற்றிக் கருத்து வைத்துக்கொள்வது என்பதை நிச்சயமாகப் பாதிக்கிறது. மேக்ஸ்வெல் மெக்கோம்ஸ், டொனால்ட் ஷா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1968 அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களிடம் நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். வாக்காளர்கள் சொன்ன வரிசையும், ஊடகங்கள் அந்தப் பிரச்சினைகளுக்குக் கொடுத்த இடத்தின் வரிசையும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. 1972இல் வெளியான இந்த ஆய்விலிருந்துதான் 'நிரல் அமைத்தல்' என்ற கருத்து ஊடகக் கல்வியில் வேரூன்றியது. கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் போடுவதுபோல, நம் பேச்சுக்கு ஊடகம் நிரல் போடுகிறது என்பது பொருள்.

ஒரே கூட்டம், இரண்டு கதை

கோப்பன்ஹேகன் மாநாடு தோல்வி என்றே பரவலாகப் பேசப்பட்டது. சில தலைவர்கள் கூடி எழுதிய ஓர் ஒப்பந்தத்தை மாநாடு 'கவனத்தில் கொண்டது', அவ்வளவுதான். யார் கெடுத்தது? இந்தக் கேள்விக்கு லண்டனிலிருந்து வரும் 'தி கார்டியன்' நாளிதழ் ஒரே வாரத்தில் இரண்டு எதிரெதிர் பதில்களை வெளியிட்டது.

டிசம்பர் 22இல் மார்க் லைனஸ் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர், சீனாதான் கெடுத்தது என்று எழுதினார். அவர் மாலத்தீவுத் தூதுக்குழுவுக்கு ஆலோசகராகத் தலைவர்களின் அறைக்குள்ளேயே இருந்தவர். வளர்ந்த நாடுகள் 2050க்குள் 80 விழுக்காடு குறைக்கும் என்ற எண்ணைக்கூடச் சீனா நீக்கச் சொன்னது என்பது அவர் சாட்சியம். தங்கள் உமிழ்வைக் குறைப்பதாகப் பணக்கார நாடுகள் சொல்வதைச் சீனா ஏன் தடுக்க வேண்டும்? படிப்பவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

டிசம்பர் 28இல் பதில் எழுதியவர் நம் நாட்டுக்காரர். மார்ட்டின் கோர். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திலும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட 'தேர்ட் வேர்ல்ட் நெட்வொர்க்' அமைப்பிலும் பல்லாண்டு பணியாற்றியவர். 'தி ஸ்டார்' நாளிதழில் தொடர்ந்து பத்தி எழுதியவர். அப்போது ஜெனிவாவில் உள்ள 'சௌத் சென்டர்' அமைப்பின் செயல் இயக்குநர். 2020இல் காலமானார். குற்றம் சீனாவின் மீதல்ல, மாநாட்டை நடத்திய டென்மார்க்கின் மீது என்றார் அவர். எல்லா நாடுகளும் பேசிக்கொண்டிருந்த ஆவணத்தை ஒதுக்கிவிட்டு, தேர்ந்தெடுத்த சில தலைவர்களைத் தனியறையில் கூட்டியது டென்மார்க் என்பது அவர் வாதம். அந்த 80 விழுக்காட்டு எண்ணுக்குள் ஒளிந்திருந்த கணக்கையும் எடுத்துக் காட்டினார்.

அந்தக் கணக்கு உங்களுக்குச் சுலபம். பேசப்பட்ட எண்கள் இரண்டு: 2050க்குள் உலகம் முழுவதும் 50 விழுக்காடு குறைய வேண்டும், வளர்ந்த நாடுகள் 80 விழுக்காடு குறைக்கும். எளிமைக்காகத் தொடக்கத்தில் வளர்ந்த நாடுகள் 50 பங்கும் வளரும் நாடுகள் 50 பங்கும் வெளியிடுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 100. பாதியானால் 50. வளர்ந்த நாடுகள் 80 விழுக்காடு குறைத்தால் அவற்றுக்கு 10 பங்கு. மீதி 40 பங்கு வளரும் நாடுகளுக்கு. 50இலிருந்து 40: அதாவது 20 விழுக்காடு குறைப்பு. எங்கும் எழுதப்படவில்லை, ஆனால் கழித்தால் வருகிறது!

இன்னும் ஒரு படி. அந்தக் காலத்துக்குள் வளரும் நாடுகளின் மக்கள்தொகை இரண்டு மடங்காகும் என்று கொள்வோம். 40 பங்கை இரண்டு மடங்கு பேர் பகிர்ந்தால், தலைக்கு முன்பிருந்த அளவில் 40 விழுக்காடுதான். அதாவது தலைக்கு 60 விழுக்காடு குறைப்பு. கோர் எழுதியதும் இதுதான்: மொத்தத்தில் சுமார் 20 விழுக்காடு, தலைக்கு குறைந்தது 60 விழுக்காடு. 'பணக்கார நாடுகள் 80 விழுக்காடு குறைக்கும்' என்ற வாக்கியம் கேட்க இனிமையானது. அதைப் பக்கத்து வாக்கியத்தோடு சேர்த்துப் படித்தால், மலேசியாவும் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திடும் ஒரு பங்கீடாக மாறுகிறது.

கோர் சொன்னது முழுக்கச் சரி, லைனஸ் சொன்னது முழுக்கத் தவறு என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கடல் மட்டம் ஏறினால் மூழ்கும் தீவுகளோடு நின்று பார்த்தார் லைனஸ். எந்த எண்ணும் இல்லாமல் கலைவது அந்தத் தீவுகளுக்கு உயிர்ப் பிரச்சினை. வளரும் நாடுகளோடு நின்று பார்த்தார் கோர். எண் மட்டும் இருந்து பங்கீடு பேசப்படாமல் போவது அவற்றுக்குப் பெரும் பிரச்சினை. சீனாவுக்குத் தன் நலனும் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு கதையை மட்டும் படித்தவர் 'யார் வில்லன்?' என்று பேசுவார். இரண்டையும் படித்தவரால்தான் 'மிச்சமிருக்கும் காற்றை எப்படிப் பங்கிடுவது?' என்று பேச முடியும். கோர் போனபின் நின்றுவிட்ட வேலையும் அல்ல இது. அதே பினாங்கு அமைப்பின் வழக்கறிஞர் மீனா ராமன் இந்தப் பேச்சுவார்த்தைகளில் எந்த நாடு எந்தச் சொல்லுக்கு எதிர்ப்புத் தெரிவித்தது என்று விரிவாக எழுதி வருபவர். படிக்கச் சற்றுக் கடினமாக இருக்கும், நாடகம் குறைவு. ஆனால் அடைப்புக்குறிகள் அங்கேதான் கிடைக்கும்.

2021 நவம்பரில் கிளாஸ்கோவில் இதே கதை ஒரே சொல்லில் நடந்தது. நிலக்கரி மின்சாரத்தைப் 'படிப்படியாக ஒழிப்பது' என்றிருந்த வரியைக் கடைசி நேரத்தில் இந்திய அமைச்சர் பூபேந்தர் யாதவ் 'படிப்படியாகக் குறைப்பது' என்று மாற்றச் சொன்னார். மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா தொண்டை அடைக்க மன்னிப்புக் கேட்டார். அந்தக் காட்சி உலகம் முழுக்க ஒளிபரப்பானது. 'இந்தியா நீர்த்துப்போகச் செய்தது' என்பது செய்தியானது. நடந்தது உண்மைதான். அதே 'குறைப்பது' என்ற சொல் மூன்று நாள் முன்பு அமெரிக்காவும் சீனாவும் வெளியிட்ட கூட்டறிக்கையில் இருந்தது என்பதும், அந்த வரியில் எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவே இல்லை என்பதும் அவ்வளவு தூரம் பரவவில்லை. நிலக்கரியை அதிகம் நம்பும் நாடு எது, எண்ணெய் எரிவாயுவை அதிகம் நம்பும் நாடு எது என்று யோசித்தால், எந்த எரிபொருளின் பெயர் ஆவணத்தில் ஏறுகிறது என்பதும் ஒரு பங்கீடுதான் என்று புரியும்.

உங்கள் தோட்டம் காடா?

கடைசியாக, பெரும்பாலும் செய்தியாகவே வராத ஒன்று.

கோலகங்சாரில் ஒரு பழைய ரப்பர் மரம் வேலியிட்டுப் பாதுகாக்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். 1877இல் இந்த மண்ணுக்கு வந்த முதல் கன்றுகளின் வழிவந்த நினைவுச் சின்னம் அது. அங்கிருந்து பரவிய பால்மரக் காடுகளில்தான் நம் முன்னோர் விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்று, வெட்டுக்குப் போனார்கள். மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும், வெட்டு நடக்காது. வானிலை அவர்களுக்குச் செய்தி அல்ல, சம்பளம். பின்னர் ரப்பர் விலை சரிய, நாடெங்கும் பல தோட்டங்கள் செம்பனையாக மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்துக் குடும்பங்கள் நகரத்துக்கு வந்தன. இந்தக் கதை உங்கள் வீட்டிலேயே இருக்கும்.

இதில் பருவநிலைப் பேச்சுவார்த்தைக்கு என்ன வேலை? 'காடு' என்றால் என்ன என்பதை அங்கே வரையறுக்கிறார்கள். 2001இல் மொரோக்கோவின் மராகேஷில் நாடுகள் ஒப்புக்கொண்ட விதிப்படி, மரங்களின் நிழல் நிலப்பரப்பில் குறைந்தது 10 முதல் 30 விழுக்காடு வரை மூட வேண்டும். மரம் குறைந்தது 2 முதல் 5 மீட்டர் உயரம் வளரக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த எல்லைக்குள் ஒவ்வொரு நாடும் தனக்கான எண்ணைத் தேர்ந்துகொள்ளலாம். ஐ.நா. உணவு, விவசாய நிறுவனம் உலகக் காடுகளைக் கணக்கெடுக்கும்போது ரப்பர் தோட்டத்தைக் காட்டில் சேர்க்கிறது. செம்பனைத் தோட்டத்தைச் சேர்ப்பதில்லை.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கணக்கின்படி உங்கள் பாட்டி பால் வெட்டிய தோட்டம் 'காடு'. அதைச் சாய்த்துச் செம்பனை நட்டால் 'காடழிப்பு'. ஆனால் இயற்கைக் காட்டை வெட்டி ரப்பர் நட்டால் அது காடாகவே தொடர்கிறது! பாட்டியிடம் போய், "நீங்க காட்டுலயா வேலை செஞ்சீங்க?" என்று கேட்டால் சிரிப்பார். அங்கே யானை இல்லை, தண்டல்தான் இருந்தார். மண்ணில் உள்ள கரிமம், மழைநீரைப் பிடித்து வைக்கும் திறன், வாழும் பறவைகள் ஆகியவற்றில் இயற்கைக் காடும் வரிசையாக நட்ட பால்மரமும் ஒன்றல்ல. ஆனாலும் நாட்டின் உமிழ்வுக் கணக்கில், மரங்கள் உறிஞ்சியதாக எழுதும் பகுதியில், இத்தகைய வரையறைகளே முடிவைத் தீர்மானிக்கின்றன. 1992 ரியோ உச்சி மாநாட்டில் மலேசியா தன் நிலப்பரப்பில் குறைந்தது 50 விழுக்காட்டைக் காடாக வைத்திருப்பதாக உறுதி தந்தது. 'எதைக் காடு என்கிறீர்கள்?' என்று கேட்காமல் அந்த 50ஐப் பற்றி விவாதிப்பது, 'எதில்?' என்று கேட்காமல் 40ஐப் பற்றி விவாதித்த எங்கள் தேநீர்க் கடைப் பேச்சுக்குச் சமம்.

வரையறைக் கூட்டத்தில் அழுகிற தலைவர் இல்லை, வெளிநடப்பு இல்லை, படம் எடுக்க ஒன்றும் இல்லை. அதனால் நிருபர் போவதில்லை. போனாலும் ஆசிரியர் இடம் தர மாட்டார்.

செய்து பாருங்கள்

ஐ.நா. பருவநிலை மாநாடு பெரும்பாலும் ஆண்டுதோறும் நவம்பரில் வரும். அப்போது ஒரே நாளின் ஒரு செய்தியை மூன்று மொழிகளில் சேகரியுங்கள். மலாய், ஆங்கிலம், தமிழ் நீங்களே படிக்கலாம். சீனப் பத்திரிகையை வகுப்புத் தோழரிடம் கேட்கலாம். ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணை வட்டமிட்டு, பக்கத்தில் நான்கு கேள்விகள் எழுதுங்கள். எந்த ஆண்டோடு ஒப்பிட்டது? மொத்தமா, செறிவா, தலைக்கா? நிபந்தனை உண்டா? இதைச் சொன்னவர் எந்த நாட்டின் பக்கம் நின்று பார்க்கிறார்? பதில் செய்தியிலேயே இருந்தால் வரியைக் கோடிடுங்கள். இல்லாவிட்டால் காலியாக விடுங்கள். காலியிடங்கள் எந்தத் தாளில் அதிகம் என்று எண்ணி, அதோடு ஒரு வேலையும் செய்யுங்கள்: தலைப்பை மட்டும் வீட்டில் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அவர் முதலில் என்ன கேட்கிறார் என்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முழு வாக்கியத்தையும் வாசித்துக் காட்டுங்கள். இரண்டாவது முறை அவர் கேட்கும் கேள்வியை முதல் கேள்விக்குக் கீழே எழுதி, தேதி போட்டு, அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள்.